பன்னிரண்டில் இரண்டு

ஆயுள் தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்ட அல்சீட் நார்சிஸ், மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தன் வீட்டுச் சமையலறையில் நின்றான். பெல் ரீவ் ஊரிலிருந்து சிறை நூற்று முப்பது மைல். 1981 அக்டோபர் பதினான்கு, புதன்கிழமை. லேசான தூறல் இருந்தது. அவன் தலையில் வலது பாதி மழிக்கப்பட்டிருந்தது, இடது பாதியில் முடி அப்படியே இருந்தது. தொட்டியருகே அரிசி களைந்துகொண்டிருந்த அவன் மனைவி ஒடீலியா திரும்பிப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே போடவில்லை.

"தப்பிச்சு வந்துட்டியா?"

"இல்ல. புது ஆளுங்களுக்கு முடி வெட்டற வரிசைல உக்காந்திருந்தேன். பாதி வெட்டுனான். கண்ண மூடித் தெறந்தா இங்க நிக்கிறேன்."

"சாப்டியா?"

"இன்னும் இல்ல."

அவள் முந்தின நாள் பீன்ஸைச் சுடவைத்துச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வயது மகள் லூசில் அப்பாவின் பாதித் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். ஒடீலியா கதவைத் தாழிட்டு, சன்னல் திரைகளை இழுத்துவிட்டு, மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்த் திரை இடுக்கில் பார்த்தாள். ஆறு மணிக்கு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் இல்லாமல் போனான். தம்ளர் தரையில் உருண்டது. சிறையில் முடி வெட்டுகிறவன் தன் நாற்காலியில் மறுபடி ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மீதித் தலையையும் மழித்து முடித்தான்.

வழக்கு சிறியது. அந்த வருடம் மார்ச் மாதத்தில், பொழுது சாயும் நேரம், பாயூ என்கிற சதுப்பு ஓடையின் கரையில் தூண்டில் இரையும் பனிக்கட்டியும் விற்கும் லியோ ட்ராஹான் தன் கடைக்குள் சுடப்பட்டுச் செத்தான். எதிரே நின்ற ஒருவன், கடையிலிருந்து ஒரு நீல வண்டி கிளம்பிப் போனதைப் பார்த்ததாகவும், அதன் முன் விளக்குகளில் ஒன்றுதான் எரிந்ததாகவும் சொன்னான். அல்சீடிடம் நீல வண்டி இருந்தது. அதன் முன் விளக்கில் ஒன்று உடைந்திருந்தது. முந்தின வாரம் லியோவோடு அவன் வாய்த்தகராறு செய்ததை நாலு பேர் கேட்டிருந்தார்கள். துப்பாக்கி கிடைக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த வக்கீலுக்கு அன்று வேறு இரண்டு வழக்குகளும் இருந்தன.

பன்னிரண்டு பேர் ஜூரி. அதில் பதினொரு பேர் வெள்ளையர். பன்னிரண்டாவது ஆள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த வெர்னா ஜோலிவெட். ஒன்றைத் தவிர மற்ற மாநிலங்களிலெல்லாம் பன்னிரண்டு பேரும் ஒரே சொல் சொல்ல வேண்டும் என்று இருக்க, எங்கள் லூசியானாவில் அப்படி இல்லை. 1898-ல் கனவான்கள் கூடி உட்கார்ந்து, கறுப்பர்கள் ஒன்றிரண்டு பேர் ஜூரியில் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் பேச்சு எடுபடக்கூடாது என்று கணக்குப் போட்டு, ஒன்பது பேர் சொன்னால் போதும் என்று எழுதிவைத்தார்கள். பிற்பாடு அதைப் பத்து என்று ஆக்கினார்கள். அதனால் அந்த அறையில் ஒரு மணி பத்து நிமிடம்தான் பேச்சு நடந்தது. ஜூரித் தலைவர் ரேமண்ட் டூசே நில அளவை செய்பவர். ஒரு அடி கூட்டியோ குறைத்தோ எழுதினார் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அவர் கைகளை எண்ணினார். குற்றவாளி என்று பத்து. இல்லை என்று இரண்டு: வெர்னாவும், படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஓவிட் மெலான்சோன் என்ற கிழவரும். டூசே எழுந்து கதவோரம் இருந்த மணிப் பொத்தானை அழுத்தினார். வெர்னா அப்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க மிஸ்டர் டூசே. அந்த ஆளு, வண்டி தன் பக்கம் வராம அந்தப் பக்கமாவே போச்சுன்னுதானே சொன்னான்? போற வண்டியோட முன் விளக்க, பின்னால நிக்கிறவன் எப்படி..."

மணி அடித்தது. காவலர் கதவைத் திறந்தார். வாக்கியத்தின் மிச்சம் அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

முதல் வாரம் சிறையில் நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். ஷெரீஃப் ஆட்கள் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒடீலியாவின் வீட்டுக் கதவை உடைத்து அல்சீடைப் பிடித்து, விலங்கு மாட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்கள். ஆறு மணிக்குப் பாலத்தின் மேல் பின் இருக்கை காலியானது. பூட்டிய விலங்கு இருக்கையில் கிடந்தது. அவர்கள் சிறைக்குத் தொலைபேசியில் பேசியபோது, அல்சீட் தன் கட்டிலில் உட்கார்ந்திருப்பதாகப் பதில் வந்தது. இதேபோல் நான்கு முறை நடந்தது. பிறகு பெட்ரோல் வீண் என்று விட்டுவிட்டார்கள். தினமும் தானாகத் திரும்பி வருகிறவனைத் தப்பியோடியவன் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று அரசு வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தார். சிறையில் நாலு மணி ஆள் எண்ணிக்கையில் அவன் பெயருக்கு எதிரே ஒரு சிறு கோடு போட ஆரம்பித்தார்கள்.

தினமும் நாலு மணி நேரம் ஏன் என்பதைக் கண்டுபிடித்தது ஓவிட். எஞ்சினைப் பிரித்துப்போட்டுக்கொண்டே ஒடீலியாவிடம் சொன்னார்.

"பன்னெண்டு பேர்ல ரெண்டு பேரு இல்லன்னு சொன்னோம். இருவத்தி நாலுல நாலு. நானும் அந்த ஜோலிவெட் பொண்ணும் ஆளுக்கு ரெண்டு மணி நேரம் புடிச்சு வெச்சிருக்கோம், அவ்வளவுதான். மீதிய அவனுங்க எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

அவர் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஊர் பழகிக்கொண்டது. பிற்பகலில் அல்சீட் கூரை ஒழுகலை அடைத்தான், வேலி கட்டினான், லூசிலுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தான். 1983-ல் ஒடீலியாவுக்கு ஒரு மகன் பிறந்தான். தேவாலயத்தில் ஞானஸ்நானத்தின்போது பின் வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏண்டி, பன்னெண்டுல ரெண்டு பங்கு புருஷனுக்கு முழுப் புள்ளையா?"

"ஒம் புருஷன் முழுசா வீட்டுல இருக்கானே, என்னத்தக் கிழிச்சான்?" என்றாள் ஒடீலியா. மகனுக்குத் தியோ என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் சிரிப்பு வெகுநாள் நிற்கவில்லை. வெர்னாவின் நாயை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். ஓவிட்டின் பட்டறைக்கு எஞ்சின் கொண்டுவருவது குறைந்தது. மீன்பிடிப் பருவத்தில்கூடப் பட்டறை வாசலில் படகு இல்லை. லியோ ட்ராஹானின் உறவுக்காரர்கள் ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை ஓவிட் வீட்டுக்கு எதிரே நிறுத்திக்கொண்டு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். 1985 ஆகஸ்டில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு மேசையில், ஓவிட் தன் மனைவியிடம் சலிப்பாகச் சொன்னார்: "ஒருவேள அவன்தான் சுட்டானோ என்னவோ. யாருக்குத் தெரியும்." அன்று அல்சீட் நாலு மணிக்கே போய்விட்டான். தியோவைத் தோளில் தூக்கிவைத்திருந்தான். குழந்தை ஐந்தடி உயரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தது.

ஒடீலியா குழந்தையை மருத்துவமனையில் விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். ஓவிட்டைத் திட்டவில்லை. கட்டுப் போட்ட கை எந்த அளவு என்று தன் கையில் காட்டினாள். கிழவர் கிரீஸ் துடைக்கும் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இனிமே அப்படி நெனைக்கக்கூட மாட்டேன் பொண்ணே," என்றார். மறுநாள் அல்சீட் ஆறு மணிவரை இருந்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை, ஏணியில் ஏறவில்லை, கொதிக்கும் எதையும் கையில் எடுக்கவில்லை. ஒடீலியா பயந்தது வேறு விஷயத்துக்கு. தன் புருஷன் இரண்டு பேர் நாக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெர்னா தெருவைக் கடப்பதைப் பார்த்தால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது நல்லதாக நடந்தது. 1988 தவக்காலத்தில், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எர்லின் ஹீபேர், ஜூரியில் எட்டாம் நாற்காலியில் இருந்தவள், பொட்டலம் கட்டிக்கொண்டே தன்பாட்டுக்கு, "அந்தப் பையன் செஞ்சிருக்க மாட்டான்னுதான் தோணுது," என்றாள். கேட்டுக்கொண்டிருந்தது ஒரு மிட்டாய் வாங்க வந்த பெண்மணி மட்டும். அன்று ஆறு மணி அடித்தது, அல்சீட் போகவில்லை. ஆறரையும் ஆனது. யாரும் மேசையைவிட்டு எழவில்லை. எட்டு மணிக்குப் போனான். ஏழு வருடத்தில் முதல் முறையாக அவன் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தான்.

1994 பிப்ரவரியில் ஓவிட் மெலான்சோன் எழுபத்தொரு வயதில் நெஞ்சு வலித்து இறந்தார். அவரோடு அவர் பிடித்து வைத்திருந்த இரண்டு மணி நேரமும் போய்விடும் என்று ஊரே நினைத்தது. ஒடீலியா அன்று கறுப்பு உடுத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு அல்சீட் வந்தான். எட்டு மணிக்குப் போனான். ஒரு நிமிடமும் குறையவில்லை. செத்தவர்களின் சொல் அப்படியே நின்றுவிடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஒடீலியாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. வெர்னாவுக்கு இல்லை. ஓவிட்டின் அடக்கத்திலிருந்து திரும்பும் வழியில் அவள் ஒடீலியாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யோசிச்சுப் பாருடி. இல்லன்னு சொன்னவன் செத்தா அது நிக்கும்னா, ஆமான்னு சொன்னவன் செத்தாலும் அது நிக்கும். இன்னும் ஒம்போது பேரு இருக்காங்க. யாரும் சின்ன வயசு இல்ல."

அன்றிலிருந்து வெர்னா நடக்க ஆரம்பித்தாள். அவளிடம் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது: மணி அடித்ததால் நின்றுபோன வாக்கியத்தின் மிச்சம். ஒன்பது பேர் வீட்டு வாசலிலும் அதைப் போய்ச் சொன்னாள். போற வண்டியோட முன் விளக்க, பின்னால நிக்கிறவன் எப்படிப் பார்த்தான்? சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவன் துப்பாக்கியோடு வந்து நின்றான்; அவனிடம் அவள் மூன்று வருடத்தில் பதினொரு முறை போனாள், பன்னிரண்டாவது முறை அவன் காப்பி கொடுத்தான். தீர்ப்புச் சொன்ன அன்று தன் மகளுக்குப் பிறந்தநாள் என்றும், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கையைத் தூக்கிவிட்டதாகவும் சொன்னான். இன்னொருவர் டெக்சாஸுக்குக் குடிபோயிருந்தார். பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஆஸ்துமாக்காரப் பெண் ஒருத்தி ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். பேச முடியாத நிலை. வெர்னா குனிந்து கேட்டாள். அந்தப் பெண் தலையை இடமும் வலமும் அசைத்தாள். அது மறுப்பா, வலியா என்று தெரியாமல் வெர்னா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தபோது ஒடீலியா வாசலிலேயே நின்றிருந்தாள். "ரெண்டு மணி நேரம் கூடுதலா இருந்தான்," என்றாள். அந்தப் பெண் அன்றே இறந்திருந்தாள், அல்சீட் போன நேரத்துக்குச் சற்று முன்னதாக.

இப்படி ஒவ்வொரு ஆளாக, இரண்டிரண்டு மணி நேரமாக, பதினெட்டு வருடத்தில் அல்சீட் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். முதலில் முழு மாலைப்பொழுது. பிறகு பாதி இரவு. ஒரு வருடம் அவன் விடியும்வரை ஒடீலியாவின் பக்கத்தில் படுத்திருந்தான், அவள் அந்த வாரம் முழுக்கத் தூங்கவே இல்லை, அவனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு காலைக் காப்பி. லூசிலின் கல்யாணத்துக்கு அவனால் தேவாலயத்துக்கு வர முடிந்தது; மதிய விருந்துக்கு முடியவில்லை.

வழியில் வெர்னாவை ஒரே ஒருவர்தான் வாயடைக்க வைத்தார். மளிகைக்கடைக்குள் லியோவின் விதவை கொரின் ட்ராஹான் தன் சாமான் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள். "நீ வீடு வீடாப் போறியாமே. அந்த ஒடீலியா புருஷன் தெனமும் வர்றான். எம் புருஷன் நாலே நாலு நிமிஷம் வரட்டும், நானும் எல்லாத்தையும் மன்னிச்சுடறேன்," என்றாள். வெர்னா வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிட்டாள். மூன்று மாதம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பிறகு மறுபடி போனாள். அந்த மூன்று மாதத்தில் யாரும் சாகாதது அதிர்ஷ்டம்தான்.

2012 முடிவில் டூசே மட்டும் மிச்சம். அல்சீட் பிற்பகல் இரண்டிலிருந்து மறுநாள் நண்பகல்வரை வீட்டில் இருந்தான். பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை சிறை. அந்த இரண்டு மணி நேரம்தான் வயல் வேலைக்கு மோசமான நேரம். ஐம்பத்தேழு வயதில் அவன் உச்சி வெயிலில் மண்வெட்டி பிடித்தான். குதிரைமேல் உட்கார்ந்திருந்த காவலர்களில் பாதிப்பேர் அவன் உள்ளே போனபோது பிறந்திருக்கவில்லை. தினமும் பதினொன்றே முக்காலுக்கு ஒடீலியா அவனுக்கு ஒரு பெரிய செம்பு தண்ணீர் கொடுத்து, தொப்பியை மாட்டிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு அவள் கை சும்மா இருக்கும். இரண்டு மணிக்கு வியர்வையில் நனைந்து, உதடு வெடித்து, சில நாள் இருமிக்கொண்டு வந்து நிற்பான். அவன் நெஞ்சு பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் அடுப்பைக்கூடப் பற்றவைப்பதில்லை. அங்கே செத்துவிட்டால் அங்கேயே புதைத்துவிடுவார்கள் என்பதுதான் அவள் பயம்.

வெர்னா டூசேயின் வீட்டுக்கு இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை முறை போனாள் என்று கணக்கில்லை. அவர் ஒரு முறைகூடக் கதவைச் சாத்தியதில்லை. உட்காரச் சொல்வார். எலுமிச்சைச் சாறு கொடுப்பார். கேட்பார்.

"நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல மிஸ் வெர்னா. நானும் அதப் பத்தி யோசிச்சேன். அந்த எடத்துக்கே போய்ப் பாத்தேன், பொழுது சாயற நேரத்துக்கு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம். ஒரு விளக்குதான் எரியுதுன்னா ஒரு பக்கத்து மரத்துலதான் வெளிச்சம் விழும். பின்னால நிக்கிறவனுக்கு அது தெரியும்."

"அவன் மரம்னு ஒரு வார்த்த சொல்லலையே."

"யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

"கேக்கறதுக்குள்ள நீங்கதான் மணிய அடிச்சுட்டீங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா. அது தப்புதான். அதுக்காக மன்னிப்புக் கேக்கறேன். ஆனா அந்த ஆளு சுட்டான்னு நான் நெனைக்கிறேன். நெனைக்கிறத மாத்திச் சொன்னா, அது பொய்."

"பதினோரு பேரு சொல்லியாச்சு. பத்து போதும்னு எழுந்து நின்னவரு நீங்க. இப்ப ஒத்த ஆளாப் புடிச்ச புடில நிக்கறது யாரு?"

டூசே சிரித்தார், சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "உள்ள அனுப்பப் பத்து போதும்னு சட்டம் சொல்லுச்சு. வெளிய விட எத்தனன்னு எனக்கு யாரும் சொல்லல. நீ அன்னிக்கு ஒத்துக்கிட்டிருந்தா உனக்கும் வேல போயிருக்காது, நாய் செத்திருக்காது. நீ ஒத்துக்கல. எனக்கு உம்மேல மரியாத வந்தது அதனாலதான். எங்கிட்ட மட்டும் வேற மாதிரி இருக்கச் சொல்றியே."

வெர்னா வாசல்படி இறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "நான் புடிச்ச புடில ஒரு மனுஷன் சோறு தின்னான் மிஸ்டர் டூசே. உங்க புடில வெயில்ல சாகறான்."

அல்சீடும் ஒரு முறை போனான். 2016 மே மாதம், காலை பத்து மணிக்கு, சவரம் செய்து, கோடு போட்ட சட்டை அணிந்து போனான். டூசே அவனை உள்ளே வரச் சொன்னார். எலுமிச்சைச் சாறு கொடுத்தார். பிறகு கிழவர், "நீ சுட்டியா?" என்று நேராகக் கேட்டார். "இல்ல," என்றான் அல்சீட். "நம்பணும்னுதான் ஆசப்படறேன்," என்றார் டூசே. "ஆனா ஆசப்படறதும் நம்பறதும் ஒண்ணு இல்லியே." அல்சீட் தலையாட்டினான். பதினொன்றரைக்கு எழுந்து, நேரமாகிவிட்டது என்று சொல்லி, வீட்டுக்கு நடந்தான். ஒடீலியாவிடம், "நல்ல மனுஷன்தான். அதுதான் பயமா இருக்கு," என்றான்.

2018 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்துப் பழைய சட்டத்தைத் தூக்கிப்போட்டார்கள். இனிமேல் பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் தண்டனை. பெல் ரீவில் வாக்குச்சாவடி வாசலில் டூசே எல்லோர் முன்னாலும், தான் பன்னிரண்டு வேண்டும் என்றுதான் போட்டதாகச் சொன்னார். "நான் மணியடிச்ச மாதிரி இனி எவனும் அடிக்கக் கூடாது," என்றார். அல்சீட் விஷயம் என்ன என்று யாரோ கேட்டதற்கு, அது வேறு என்றார். சட்டமும் அப்படியேதான் சொன்னது: அடுத்த வருடம் சனவரி முதல் தேதிக்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்குத்தான் பன்னிரண்டு; முன்னாலே போனவர்கள் போனவர்கள்தான். பிறகு வாஷிங்டனில் உள்ள பெரிய நீதிமன்றம், பத்துப் பேர் தீர்ப்பு எந்த மாநிலத்திலும் செல்லாது என்றது; அதற்கடுத்த வருடம் அதே நீதிமன்றம், முடிந்துபோன பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது என்றது. ஒடீலியா அந்தச் செய்தியை வானொலியில் கேட்டாள். மணி பதினொன்றே முக்கால். அவள் வானொலியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அல்சீட் நார்சிஸ் 2022 பிப்ரவரி பத்தாம் தேதி காலை ஒன்பது இருபதுக்குத் தன் கட்டிலில், அறுபத்தேழு வயதில், இறந்தான். வீட்டில் இறந்தான் என்பதற்காக ஒடீலியா முழங்காலிட்டு நன்றி சொன்னாள். பன்னிரண்டு மணிக்குக் கட்டில் காலியானது. சிறையில், பன்னிரண்டு ஐந்துக்கு, வயலில் முகம் குப்புறக் கிடந்தவனைச் சிறை மருத்துவர் பார்த்து இன்னொரு இறப்புச் சான்றிதழ் எழுதினார். இரண்டும் பதிவாகி இருக்கின்றன. தண்டனைக் காலத்தில் இறந்தவன் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று சிறையில் குழி தோண்டச் சொன்னார்கள். தோண்டி முடிப்பதற்குள் இரண்டு மணி ஆகிவிட்டது. மறுநாளும் முயன்றார்கள். போதகர் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விட்டது. பிறகு விட்டுவிட்டார்கள்.

அடக்கம் சனிக்கிழமை. ஜெபம் பத்து மணிக்கு ஆரம்பமாகும் என்றும், பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை பக்கத்துக் கூடத்தில் சாப்பாடு என்றும், இரண்டு மணிக்குக் கல்லறைக்குப் புறப்பாடு என்றும் போதகர் அச்சடித்துக் கொடுத்தார். ஜூரியில் உயிரோடிருந்தவர்கள் வந்தார்கள். எர்லின் ஹீபேர் பூ கொண்டுவந்தாள். பதினொரு மணிக்கு டூசேயின் மகள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பாட்டு ஒரு கணம் தடுமாறியது. தியோ, முப்பத்தெட்டு வயது, எழுந்து நடுவழியில் போய் நின்றான். ஒடீலியா பின்னாலிருந்து அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா," என்றாள். அவன் உட்கார்ந்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டி லேசானது. அதை நிறுத்தியிருந்த மரத் தாங்கி ஒரு முறை கிறீச்சிட்டு அடங்கியது. போதகர் வேதத்தை மூடினார். எல்லோரும் கூடத்துக்குப் போனார்கள். கெளுத்தி மீன் வறுவல், சிவப்பு பீன்ஸ், சோறு, உருளைக்கிழங்கு. டூசே போகவில்லை. மகள் நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். அவர் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் விடச் சொன்னார்.

கூடத்தில் ஒடீலியா தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றை வெர்னாவிடம் நீட்டினாள். "அவரு சாப்டிருக்க மாட்டாரு. கொண்டு போ." வெர்னா அவள் முகத்தைப் பார்த்தாள். "போக்கா. மீனுல முள்ளு எடுத்துட்டேன்," என்றாள் ஒடீலியா.

வெர்னா தட்டை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் போனாள். அவளுக்கும் எழுபத்தைந்து, மெதுவாகத்தான் நடந்தாள். காலியான பெட்டியின் பக்கத்தில் கிழவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கூடத்துல எல்லாரும் இருக்காங்க. வாங்க," என்றாள்.

"இல்ல மிஸ் வெர்னா."

"தனியா என்ன பண்ணப் போறீங்க இங்க? அவனே இங்க இல்ல."

"இந்த ரெண்டு மணி நேரம் என்னோடது," என்றார் டூசே. "வேற யாரும் உக்கார வேண்டியதில்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. அதைச் சொல்லாமல் தட்டை அவர் மடியில் வைத்தாள். கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பெட்டிக்கு மறுபக்கத்தில் நின்றாள். அவர் முழுவதும் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டார். சொல்லை மாற்றவில்லை.

இரண்டு மணிக்குப் பெட்டி கனத்தது. தாங்கி அழுந்தும் சத்தம் கூடம்வரை கேட்டது. கைகழுவிக்கொண்டிருந்த ஆறு பேர் வந்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேராக நின்று, அதைத் தூக்கினார்கள். ரேமண்ட் டூசே அடுத்த வருடம் கோடையில் சொல்லை மாற்றாமலே இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவன் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் நார்சிஸ் வரிசையில் இயந்திரத்தை ஓட்டுவதில்லை. அந்த நேரத்தில் வேறு வரிசைகளில் வேலை இருக்கிறது என்கிறான்.